வருடத்துக்கு ஒரு மாதம் வாழும் பாட்டு

1822-இல் லண்டனில் ஒரு சிறிய புத்தகம் வெளிவந்தது. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் "முன்பு பாடப்பட்ட" கிறிஸ்துமஸ் கேரல்களை மெட்டோடு அச்சிட்ட தொகுப்பு அது. மொத்தமே எட்டுப் பாட்டு. தொகுத்த டேவிஸ் கில்பர்ட் பாடகரும் அல்ல, பாதிரியாரும் அல்ல. கணக்கும் பொறியியலும்தான் அவருக்குத் தொழில்போல. வேல்ஸில் கடல் இடுக்கின் குறுக்கே நிற்கும் மெனாய் தொங்குபாலத்தின் சங்கிலிகள் எவ்வளவு தொய்ந்து தொங்கினால் பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டவர் அவர். 1827-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார்.

பாலக் கணக்கு சரியாக இருந்தது. பாட்டுக் கணக்கு பொய்த்துவிட்டது. கார்ன்வாலில் தன் இளவயதில் கேட்ட பாட்டுகள் வழக்கொழிந்து போகின்றன, எழுத்திலாவது மிஞ்சட்டும் என்பதே அவர் எண்ணம். 1833-இல் வில்லியம் சாண்டிஸ் என்ற வழக்கறிஞர் அதே கவலையோடு இன்னும் பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். இன்று டிசம்பர் பிறந்தால் உலகம் முழுக்கக் கேட்கும் 'தி ஃபர்ஸ்ட் நோவெல்' அந்தத் தொகுப்பில் இருக்கிறது.

சாகப்போகிறது என்று படித்தவர்கள் முடிவு கட்டிய பாட்டு எப்படிப் பிழைத்தது? அதிலும் எதைக் கேட்பது என்று அவரவர் கைப்பேசியே தேர்ந்தெடுத்துத் தரும் இந்தக் காலத்தில், கொள்ளுத்தாத்தா பாடிய மெட்டுக்கு இன்னும் இடம் இருப்பது ஏன்? பக்தி ஒரு பதில்தான். ஆனால் கோயில் பக்கமே போகாதவர்களும் கேரலில் வாய் அசைக்கிறார்கள். பக்திக்கு அப்பால் மூன்று காரணங்களை இசையையும் மூளையையும் ஆராய்பவர்கள் தருகிறார்கள். சாதாரணத் தொண்டைக்கு எட்டும் மெட்டு, பதினொரு மாத இடைவெளி, சேர்ந்து பாடும் கூட்டம் ஆகியவையே அவை. இம்மூன்றும் ஒருசேர வாய்த்த பாட்டு வகைகள் மிகக் குறைவு.

பழமை காரணமா?

கேரல்கள் நீடிப்பது பழமையால்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவற்றின் பிறப்புச் சான்றிதழைப் புரட்டினால் கதை வேறு.

'ஹார்க் தி ஹெரால்ட்' பாட்டின் சொற்களை சார்லஸ் வெஸ்லி 1739-இல் எழுதினார். இன்று நாம் கேட்கும் மெட்டு அதற்கு நூறாண்டு பிந்தியது. அச்சுக்கலையின் 400 ஆண்டு நிறைவைக் கொண்டாட 1840-இல் லைப்சிக் நகரில் நடந்த கூட்டன்பர்க் விழாவுக்காக மெண்டல்சோன் அமைத்த இசை அது. அந்த மெட்டுக்கு வேறு சொற்கள் பொருந்தலாம், பக்திச் சொற்கள் மட்டும் பொருந்தவே பொருந்தா என்பது மெண்டல்சோனின் கருத்து. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1855-இல், வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் இரண்டையும் இணைத்துவிட்டார். இசையமைத்தவரே கூடாது என்ற கூட்டுதான் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

'குட் கிங் வென்சஸ்லாஸ்' மெட்டு 1582-இல் அச்சான ஒரு லத்தீன் தொகுப்பில் வசந்த காலப் பாட்டாக இருந்தது. ஜான் மேசன் நீல் என்ற ஆங்கிலேயக் குருவானவர் 1853-இல் அதற்குப் பனிக்காலச் சொற்களைப் போட்டார். 1857-இல் அமெரிக்காவில் வெளியான 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டிலோ கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. அது பனிச்சறுக்கு வண்டியில் ஊர்சுற்றும் இளைஞர்களின் கும்மாளம். 1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி 6 விண்கலத்தில் இருந்த இருவர் மவுத் ஆர்கனிலும் சிறு மணிகளிலும் அதை வாசித்தபோது, விண்வெளியில் இசைக்கருவியில் வாசிக்கப்பட்ட முதல் பாட்டு என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

ஆக, பழமை என்பது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பூசிய வர்ணம். சொல் ஓரிடம், மெட்டு ஓரிடம், காலம் வேறு. ஒட்டியவை ஒட்டின, ஒட்டாதவை உதிர்ந்தன. எது ஒட்ட வைத்தது என்பதுதான் கேள்வி.

தொண்டையின் அளவு

2015-இல் பாட்ரிக் சேவேஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 304 இசைப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விதிவிலக்கே இல்லாத பொதுத்தன்மை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் எல்லா வட்டாரங்களிலும் பெரும்பான்மையாகத் தென்படும் குணங்கள் சில இருந்தன. ஏழுக்கு மேற்படாத சுரங்கள், சுரத்துக்குச் சுரம் சிறு சிறு அடியாகவே நகரும் மெட்டு, ஒரே மூச்சில் முடியும் குறுகிய வரிகள், இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் தாளம், திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்கள், கூட்டமாகப் பாடும் வழக்கம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேரல் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொன்றாகக் குறியிட்டுக்கொண்டே போகலாம். 'ஜாய் டு த வேர்ல்டு' பாட்டின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் சட்ஜமத்தில் தொடங்கி, ஒரு சுரத்தையும் தாண்டாமல், கீழ்ச் சட்ஜமம் வரை நேராக இறங்குகிறது. நம் கணக்கில் அது சங்கராபரணத்தின் அவரோகணம், அவ்வளவுதான். மெட்டு முழுவதும் அந்த ஒரே ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. 'தி ஃபர்ஸ்ட் நோவெல்' பாட்டில் ஒரே இசைவரி இரண்டு முறை அப்படியே வருகிறது, பல்லவியிலும் சிறு மாற்றத்தோடு திரும்புகிறது. முதல் சரணம் முடியும்முன் புதிதாக வந்தவருக்கும் மெட்டு பிடிபட்டுவிடும். ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கும் அமெரிக்க தேசிய கீதத்தைப் பாடத் தேர்ந்த பாடகர்களே திணறுவதோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும்.

இந்த எளிமை தற்செயல் அல்ல. இடைக்கால ஐரோப்பாவில் கேரல் என்பது கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டத்தோடு சேர்ந்த பாட்டு. ஒருவர் சரணத்தைப் பாடுவார், வட்டம் முழுவதும் பல்லவியைத் திருப்பிப் பாடும். காலும் ஆட வேண்டும், மூச்சும் மிஞ்ச வேண்டும், ஏடு பார்க்கவும் முடியாது. அந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு வளர்ந்த வடிவம் பின்னாளில் ஆட்டத்தை விட்டது, அளவை விடவில்லை.

'சைலண்ட் நைட்' இன்னொரு பழைய வித்தையையும் சேர்த்துக்கொண்டது. அதன் கவிதையை ஜோசப் மோர் என்ற இளம் குருவானவர் 1816-இல் எழுதினார். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பலும் கந்தகமும் வெயிலை மறைத்ததால், ஐரோப்பா கோடையே காணாத வருடம் அது. இரண்டு ஆண்டு கழித்து, ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ஃப் ஊரில் 1818 டிசம்பர் 24 அன்று, பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர் அதற்கு மெட்டமைத்தார். அன்றிரவே மோரின் கிதாரோடு இருவரும் பாடினார்கள். எலி கடித்து ஆர்கன் பழுதானதால்தான் கிதார் வந்தது என்ற பிரபலமான கதைக்கு ஆதாரம் இல்லை.

அந்த மெட்டு மூன்று மூன்றாக அசைவது. தொட்டில் ஆட்டும் அசைவு அது. 2020-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்றில், குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத அந்நிய மொழித் தாலாட்டுகளை ஒலிக்க விட்டார்கள். அதே மொழிகளின் மற்ற பாட்டுகளைக் கேட்டபோது இருந்ததைவிடத் தாலாட்டைக் கேட்டபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. சொல் புரியாமலே தாலாட்டு வேலை செய்கிறது. டிரோல் பகுதியின் பாட்டுக் குடும்பங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன 'சைலண்ட் நைட்' சில பத்தாண்டுகளுக்குள் நியூயார்க்கை எட்டியதிலும், நூற்றுக்கணக்கான மொழிகளில் இன்று பாடப்படுவதிலும் அந்த அசைவுக்குப் பங்கு இருக்கத்தான் வேண்டும்.

பதினொரு மாதப் பூட்டு

எளிய மெட்டுக்கு ஓர் ஆபத்து உண்டு. சீக்கிரம் சலிக்கும்.

ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் ஓர் எளிய உண்மையை நிறுவினார். ஒன்றை அடிக்கடி காண்பதும் கேட்பதுமே அதன்மேல் விருப்பத்தை வளர்க்கும், வேறு காரணம் தேவையில்லை. சில ஆண்டுகளில் டேனியல் பெர்லைன் அதற்கு மறுபக்கத்தைக் காட்டினார். விருப்பம் ஏறிக்கொண்டே போகாது. ஓர் உச்சியைத் தொட்டபின் இறங்கும், எளிய விஷயமாக இருந்தால் சீக்கிரமே இறங்கும். டிசம்பர் முழுக்க ஒரே பாட்டு வரிசை ஓடும் கடையில் நாள் முழுதும் நிற்கும் விற்பனையாளரைக் கேட்டால் பெர்லைனின் வளைகோட்டை அவர் நன்றாகவே விளக்குவார்.

ஆனால் சலிப்புக்கு மருந்து ஓய்வு. தூண்டுதல் நின்று காலம் கடந்தால் மரத்துப்போன கவனம் மீண்டும் துளிர்க்கும். எந்த விளம்பர நிறுவனமும் செய்யத் துணியாத காரியத்தை நாட்காட்டி கேரல்களுக்குச் செய்கிறது. புகழின் உச்சியில் இருக்கும்போதே, டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோ, அவற்றை வாயடைத்துவிடுகிறது. மார்ச் மாதத்தில் யாராவது 'ஜிங்கிள் பெல்ஸ்' பாடினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். விதி எழுதப்படவில்லை என்றாலும் எல்லோரும் மதிக்கிறார்கள். அடுத்த டிசம்பரில் முதல் வரி காதில் விழும்போது பரிச்சயம் அப்படியே இருக்கும், சலிப்பு மட்டும் கழிந்திருக்கும்.

இந்த இடைவெளி இன்னொரு வேலையையும் செய்கிறது. ஆண்டு முழுவதும் கேட்கும் பாட்டு எந்த நாளுக்கும் சொந்தமில்லாமல் போகும். ஒரே காலத்தில் மட்டும் கேட்கும் பாட்டில் அந்தக் காலத்தின் வாசனையும் குளிரும் ஆட்களும் படிந்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவின் பீட்டர் ஜனாட்டா 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பாட்டு சொந்த நினைவைக் கிளறும்போது நெற்றிக்குப் பின்னால் நடுவே உள்ள மூளைப் பகுதி சுறுசுறுப்படைவதைக் காட்டினார். இசையையும், நினைவையும், "இது என் வாழ்க்கை" என்ற உணர்வையும் அந்த இடம் இணைக்கிறது. லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2015-இல் இன்னொன்றைக் கண்டார்கள். நெடுநாள் பழகிய பாட்டை மூளை அடையாளம் காண உதவும் பகுதிகள், அல்சைமர் நோயில் மற்ற பகுதிகள் அளவுக்குச் சேதமடைவதில்லை. மகன் பெயரை மறந்த தாய் சரணம் தவறாமல் பாடுவதைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர். அந்தத் திகைப்புக்கு உடற்கூறில் ஓர் அடிப்படை இருக்கிறது.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாட்டு கைமாறுவதற்கும் சான்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல் 2013-இல் இருபது வயது இளைஞர்களிடம் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். தங்கள் காலப் பாட்டுகள் பிடித்ததில் வியப்பில்லை. அவர்கள் பிறக்கும் முன்பே வந்த, பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடும் அவர்களுக்குத் தனிப் பிணைப்பு இருந்தது. வீட்டில் ஒலித்தது பிள்ளையின் நினைவிலும் ஊறிவிடுகிறது. குடும்பம் முழுவதும் ஒன்றுகூடும் நாட்களில் மட்டும் ஒலிக்கும் பாட்டுக்கு இந்த வழி எவ்வளவு அகலமானதாக இருக்கும்!

ஒரே நேரத்தில் இழுக்கும் மூச்சு

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பியோர்ன் விக்ஹாஃப் என்ற ஆய்வாளர் பதினெட்டு வயது மாணவர்கள் பதினைந்து பேருக்கு இதயத் துடிப்பு மானியைப் பொருத்திப் பாடச் சொன்னார். முதலில் அவரவர் விருப்பப்படி மூச்சு விட்டு ஒரே சுரத்தை முனக வேண்டும். அடுத்து, சுவீடனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பாடும் துதிப்பாட்டு ஒன்று. கடைசியாக, வரிக்கு வரி மட்டுமே மூச்சு இழுக்க இடம்தரும் மெதுவான மந்திரம். 2013-இல் வெளியான முடிவு இது. பாட்டின் அமைப்பு மூச்சை ஒழுங்குபடுத்த, மூச்சு இதயத்தை ஒழுங்குபடுத்த, பாடுவோரின் துடிப்பு சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கியது. பாட்டு வரியின் நீளம் உண்மையில் மூச்சின் நீளம். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு இழுத்தாக வேண்டும் என்பதால் உடல்களும் ஒரே ஒழுங்குக்கு வருகின்றன.

உடல் ஒத்துப்போனால் மனம் ஒத்துப்போகுமா? ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் இதை ஏழு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பின் அறியாதவர்கள் சேர்ந்த மாலை நேர வகுப்புகள். சிலவற்றில் கூட்டாகப் பாடக் கற்றார்கள், சிலவற்றில் கைவினை, சிலவற்றில் எழுத்து. ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பினரும் ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். ஆனால் பாடியவர்கள் தொடக்கத்திலேயே நெருங்கிவிட்டார்கள். பேசிப் பழகி வரவேண்டிய நெருக்கத்தைப் பாட்டு முன்கூட்டியே தந்துவிட்டது. சேர்ந்து இசைத்தபின் வலி தாங்கும் அளவு கூடுவதையும் இதே குழு கண்டது. உடலுக்குள் ஊறும் எண்டார்ஃபின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

இதற்கு வரலாறு தந்த கடுமையான சோதனைக்களம் 1914 டிசம்பர் 24. மேற்குப் போர்முனையில் பெல்ஜியத்துப் பதுங்குகுழிகளிலிருந்து ஜெர்மானியர்கள் 'சைலண்ட் நைட்' பாட்டைத் தங்கள் மொழியில் பாடினார்கள். எதிரே இருந்த பிரிட்டிஷ்காரர்கள் கைதட்டிவிட்டுத் தங்கள் பங்குக்கு 'தி ஃபர்ஸ்ட் நோவெல்' பாடினார்கள். மாறி மாறிப் பாடியதில், 'ஓ கம் ஆல் யி ஃபெய்த்ஃபுல்' தொடங்கியதும் ஜெர்மானியர்கள் அதே மெட்டில் லத்தீன் சொற்களோடு சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் பல இடங்களில் இரு தரப்பும் நடுவெளியில் கைகுலுக்கின. போர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு இப்படி நடக்காமலிருக்க மேலதிகாரிகள் முன்கூட்டியே கட்டளையிட்டார்கள். ஒரு மெட்டு என்ன செய்யும் என்பது அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

சிலிர்ப்பு எங்கிருந்து வருகிறது

எல்லோருக்கும் தெரிந்த பாட்டில் புதுமைக்கு இடம் எங்கே என்று கேட்கலாம். ஆச்சரியம் என்னவென்றால், நன்றாகத் தெரிந்திருப்பதே சிலிர்ப்பை உண்டாக்கும் கருவி.

கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் 1918 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், போர்முனையில் படைக்குருவாக இருந்து திரும்பிய எரிக் மில்னர்-வைட் ஒரு பாட்டு வழிபாட்டைத் தொடங்கினார். போர் நின்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. 1928-இல் பிபிசி அதை முதன்முதலாக ஒலிபரப்பியது. தொடக்கத்தில் ஒரு சிறுவன் துணை இசை எதுவும் இல்லாமல் முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவான். யார் அந்தச் சிறுவன் என்பது கடைசி நொடியில் இசை இயக்குநரின் கைச்சாடையில்தான் தெரியும். இரவெல்லாம் பயந்து கிடக்க வேண்டாம் என்பதற்காக இந்த ஏற்பாடு.

அங்கு இசை இயக்குநராக இருந்த டேவிட் வில்காக்ஸ், 1961-இல் வெளியான 'கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்' தொகுப்பில் ஒரு தந்திரம் செய்தார். கடைசிச் சரணத்தில் கூட்டம் பாடும் மெட்டைத் தொடவில்லை. அதன் அடியில் ஆர்கன் வாசிக்கும் ஒத்திசைவுகளை மாற்றினார். மேலே சிறுவர்களுக்கு இன்னொரு மெட்டை ஏற்றினார். 'ஓ கம் ஆல் யி ஃபெய்த்ஃபுல்' கடைசிச் சரணத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் அவர் வைத்த எதிர்பாராத ஒத்திசைவுக்காகவே ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இசை உளவியலாளர் ஜான் ஸ்லொபோடா 1991-இல் இசை ரசிகர்களிடம் எந்த இடத்தில் மயிர்க்கூச்செறிகிறது என்று விசாரித்தார். எதிர்பாராமல் ஒத்திசைவு திரும்பும் இடங்கள் முன்னணியில் இருந்தன. 2011-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு, உச்சக்கட்டம் வரும்போது மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் மூளையில் டோபமைன் சுரப்பதைப் படம்பிடித்தது. காத்திருப்பதற்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். கேரலில் கூட்டத்துக்கு மெட்டு மனப்பாடம், அதனால் காத்திருப்பும் பொது, அது நிறைவேறும் கணமும் பொது.

தரங்கம்பாடி வழி

இந்த வடிவம் தமிழுக்கு வந்தபோது என்ன ஆனது என்பதும் சுவையானது. 1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபின் ஜெர்மானிய மெட்டுகளில் தமிழ் ஞானப்பாட்டுகள் உருவாயின. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மறுவழியில் போனார். பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்தார், கீர்த்தனைகளை எழுதினார். இன்றும் தென்மாவட்டச் சபைகளில் இரண்டும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. கேரல் ரவுண்ட்ஸ் போகும் குழு ஒரு வீட்டு வாசலில் ஜெர்மானிய மெட்டைப் பாடும், அடுத்த வாசலில் டிரம்மோடு நாட்டுப்புற மெட்டைப் பாடும், கிறிஸ்துமஸ் தாத்தா நடுவில் ஆடுவார். மெட்டு மாறினாலும் வடிவம் அதேதான். ஒருவர் சரணம் எடுக்க, பல்லவியை எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள்.

சல்லடை

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் கேட்பவை பிழைத்தவை மட்டும். கிங்ஸ் கல்லூரி 1983 முதல் ஆண்டுக்கொரு புதிய கேரலை எழுதச் சொல்லி வாங்குகிறது. அவற்றுள் பெரும்பாலானவை பயிற்சி பெற்ற குழுக்களின் வசமே இருக்கின்றன, தெருவுக்கு வந்தவை அரிது. முந்தைய நூற்றாண்டுகளிலும் ஆயிரக்கணக்கில் எழுதி, பாடி, மறந்திருப்பார்கள். எல்லாக் கேரலும் நன்றாயிருப்பதுபோல் தோன்றுவது சல்லடையில் நின்றதை மட்டும் நாம் பார்ப்பதால்தான்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சல்லடையே மாறியது. 1942-இல் பிங் கிராஸ்பி பதிவு செய்த 'வைட் கிறிஸ்மஸ்' ஐந்து கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்கிடுகிறார்கள். 1994-இல் மரையா கேரி பாடிய 'ஆல் ஐ வாண்ட் ஃபார் கிறிஸ்மஸ் இஸ் யூ' இருபத்தைந்து ஆண்டு கழித்து 2019 டிசம்பரில்தான் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. நாட்காட்டிப் பூட்டும் நினைவின் படிவும் அவற்றுக்கும் துணை. ஆனால் அந்தப் பாடகியின் உச்சஸ்தாயி முழக்கம் வாசலில் நிற்கும் பத்துப் பேருக்கு எட்டாது. பல்லவியோடு நின்றுவிடுவார்கள். அதன் ஆயுள் பதிவின் ஆயுள், ஒரு குறிப்பிட்ட குரலின் ஆயுள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சுற்றிய கிராமங்களில் நவம்பர் நடுவிலிருந்தே மதுக்கடைகளில் கூடிக் கேரல் பாடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கனும் சீருடைக் குழுவும் வந்தபோது தேவாலயத்திலிருந்து ஒதுக்கப்பட்ட கிராமத்துப் பாட்டுகள் அங்கே தஞ்சம் புகுந்தன. மேய்ப்பர்களைப் பற்றிய ஒரே பாட்டை அவர்கள் பல மெட்டுகளில் பாடுகிறார்கள். மேடை கிடையாது, பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. அடிக்குரல் தடித்தவரும் சுருதி பிசகுபவரும் அதில் உண்டு.

கில்பர்ட்டும் சாண்டிஸும் பாட்டு ஏட்டில் பத்திரமாக இருக்கும் என்று நம்பினார்கள். பாட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது ஏடும் அல்ல, இசைத்தட்டும் அல்ல. மின்சாரம் போன ஒரு டிசம்பர் இரவில், இசை தெரியாத பத்துப் பேர் முதல் சரணத்தை முடித்து இரண்டாவதற்குப் போக முடிந்தால், இப்போது எழுதப்படும் ஒரு பாட்டும் நூறாண்டு தாங்கும். நம் காலத்துப் பாட்டுகளை மதிப்பிட அதைவிட நேர்மையான தேர்வு இல்லை.